கண்ணால் கற்ற ஆங்கிலமும் காதால் கேட்கும் ஆங்கிலமும்

பயிற்சியின் பொருட்டு நியூஸிலாந்துக்கு அனுப்பப்பெற்ற கால்நடைத் துறை அலுவலர் ஒருவர், தம் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் இருந்த ஒரு வரியை இக்கட்டுரையாசிரியருக்குக் காட்டினார். ஆட்டுப் பண்ணையொன்றில் குடற்புழு மருந்து புகட்டும் முறையை விளக்கிய மேற்பார்வையாளர் ஓர் ஆட்டுக்கு உரிய மருந்தளவைக் கூறியபோது, அலுவலரின் செவியில் விழுந்தது "டின்" என்னும் சொல். தகரக் குவளையைக் குறிக்கும் அச்சொல்லையே அவர் எழுதிக்கொண்டார். ஓர் ஆட்டுக்கு ஒரு டின் மருந்தா என்ற ஐயம் அப்பொழுதே எழுந்தது. ஆயினும், இருபது ஆண்டுகள் ஆங்கிலத்திலேயே அறிக்கை எழுதிப் பழகியவர், எளியதொரு சொல் விளங்கவில்லை என்று பலர் முன்னிலையில் கேட்க நாணினார். மூன்றாம் நாள் மருந்துப் புட்டியின்மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்த பின்னரே, மேற்பார்வையாளர் சொன்னது "டென்", அதாவது பத்து மில்லிலிட்டர் என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

இதனை நகைப்புக்கு உரிய நிகழ்ச்சியாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. மருந்தின் அளவு, பூச்சிக்கொல்லியை நீரில் கலக்கும் விகிதம், மின்கருவியை நிறுத்த வேண்டிய வரிசைமுறை ஆகியவை செவிவழியே தவறாகப் புகுமாயின், அத்தவறு குறிப்பேட்டில் ஏறி, ஊர் திரும்பி, இங்குள்ள ஊழியர்களுக்கும் பாடமாகிவிடக்கூடும். அதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. விளங்காததைக் கேட்கத் தயங்கும் பயிற்சியாளர் நாளடைவில் கூட்டங்களில் வாய் திறவாதவராகிவிடுகிறார். அவருக்கு ஆர்வமில்லை என்று பிறர் கருதுகின்றனர். தமக்கு ஆங்கிலமே தெரியாது போலும் என்று அவரே கருதத் தலைப்படுகிறார். இவ்விரு கருத்துகளுமே பிழையானவை. ஏன் பிழையானவை என்பதை ஒலியியல் நன்கு விளக்குகிறது.

மெய்யொலி பிறப்பதற்கு நாவோ இதழோ ஏதேனும் ஓரிடத்தைத் தொடுதலோ மிக நெருங்குதலோ வேண்டும். அவ்விடம் பெரும்பாலும் திட்டமானது. உயிரொலிக்கு அத்தகைய தொடுமிடம் இல்லை. இகரத்தை ஒலிக்கையில் நாவின் முற்பகுதி மேலண்ணத்தை நோக்கி உயர்கிறது; ஆகாரத்தை ஒலிக்கையில் நா தாழ்ந்து கிடக்கிறது; எகரம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் பயின்ற ஆசிரியர்களுக்கு இது புதிய செய்தியன்று. தொட்டு நிற்கும் இடமின்மையால், உயிரொலிகள் தலைமுறைக்குத் தலைமுறை சிறிது சிறிதாக மேலும் கீழும், முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கக்கூடியவை. தமிழில் அ, இ, உ, எ, ஒ என்னும் ஐந்தும் அவற்றின் நெடில்களுமே இருத்தலால், ஓர் உயிரொலி சற்று நகர்ந்தாலும் மற்றொன்றன் எல்லைக்குள் நுழைவதில்லை. ஆங்கிலத்தின் நிலை வேறு. இங்கிலாந்தின் தென்பகுதி உச்சரிப்பில் ஏறத்தாழ இருபது உயிரொலிகள் ஒரு சிறு வாய்க்குள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கின்றன. அவற்றுள் ஒன்று நகர்ந்தால் அடுத்ததன்மேல் இடித்தே தீரும். அடுத்தது தன் பங்குக்கு மற்றொன்றை இடிக்கும். ஒரே பலகையில் அமர்ந்திருக்கும் மாணவருள் ஒருவன் தள்ளி உட்கார்ந்தால் வரிசை முழுதும் நகர்வதைப் போன்றது இது.

நியூஸிலாந்தில் நிகழ்ந்தது இதுவே. மட்டைக்குரிய "பேட்" என்ற சொல்லின் உயிரொலி நம் செவிக்கு "பெட்" என்பதுபோலக் கேட்கும்படி உயர்ந்தது. "பெட்" என்பதன் உயிரொலி "பிட்" என்பதன் இடத்துக்கு ஏறியது. இடம் இழந்த "பிட்" என்பதன் இகரம் வாயின் நடுப்பகுதிக்கு ஒதுங்கி, ஏறக்குறைய "பட்" என்பதுபோல ஒலிக்கலாயிற்று. ஆகவேதான் அங்குப் பேனாவைக் கேட்பவர் குண்டூசியைக் கேட்பதுபோல நமக்குத் தோன்றுகிறது. ஆறு என்னும் எண் "சக்ஸ்" என்று விழுகிறது. விமான நிலையத்தில் "செக்-இன்" செய்யும் இடத்தைக் கேட்ட பயணிக்குக் கோழியிறைச்சி விற்கும் இடத்தைக் காட்டுவதுபோன்ற மயக்கம் உண்டாகிறது. இங்கே கருதத்தக்கது ஒன்று உண்டு. மூன்று ஒலிகளும் இடம் மாறியிருப்பினும், அவற்றிடையே உள்ள வேற்றுமை அழியவில்லை. அந்நாட்டவர் பேனாவையும் குண்டூசியையும் ஒருபோதும் மயங்கிக் கேட்பதில்லை. ஒலிகளின் வரிசை அவர்களிடம் ஒழுங்காகவே இருக்கிறது. நம் மனத்திலுள்ள வரைபடந்தான் வேறோர் ஊருக்கு உரியது.

அவர்களே மயங்கும் இடமும் இல்லாமல் இல்லை. செவியைக் குறிக்கும் "இயர்", காற்றைக் குறிக்கும் "ஏர்" ஆகிய இரண்டும் அந்நாட்டு இளைஞர் பலரிடம் ஒன்றாகிவிட்டன. அதனால் கரடியும் பீரும் ஒரே ஒலியால் குறிக்கப்படுகின்றன. இத்தகைய இடங்களில் அவர்களும் நம்மைப்போலவே இடம் நோக்கித்தான் பொருள் கொள்கின்றனர்.

இம்மாற்றம் எப்பொழுது தோன்றியது என்பதை அறிய எதிர்பாராத சான்று ஒன்று கிடைத்தது. 1946 முதல் 1948 வரை நியூஸிலாந்து வானொலி நிலையத்தாரின் நடமாடும் ஒலிப்பதிவு வண்டி சிற்றூர்கள்தோறும் சென்று, முதியோரின் பழைய நினைவுகளைத் தட்டுகளில் பதிந்துவந்தது. பேசியவர்களுட் சிலர் 1850-களில் பிறந்தவர்கள். அதாவது அந்நாட்டில் குடியேறிய ஆங்கிலேயருக்கும் ஸ்காட்லாந்தியருக்கும் அங்கேயே பிறந்த முதல் தலைமுறையினர். அன்று பதிந்தவர்களின் நோக்கம் ஊர் வரலாறும் குடியேறியோர் பட்ட பாடுமேயன்றி ஒலியியல் அன்று. பல ஆண்டுகள் கழித்து, கிறைஸ்ட்சர்ச் நகரின் காண்டர்பரிப் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் கோர்டன் முதலிய அறிஞர்கள் அத்தட்டுகளை ஆராய்ந்தபோது, ஒரு நாட்டின் உச்சரிப்பு உருவாகும் முறையை ஏறக்குறையத் தொடக்கத்திலிருந்தே செவியால் கேட்கும் வாய்ப்புக் கிட்டியது. "பேட்", "பெட்" என்பவற்றின் ஒலிகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே உயரத் தொடங்கிவிட்டன என்பதும், இகரம் ஒதுங்கியது அதன் பின்னரே என்பதும் அவ்வாராய்ச்சியால் புலனாயின. எதற்கோ சேர்த்துவைத்த பண்டம் எதற்கோ பயன்படுவது ஆராய்ச்சித் துறையில் அடிக்கடி நிகழ்வதே.

ஆஸ்திரேலிய உச்சரிப்பைப் பற்றி அதிகம் கூறவேண்டுவதில்லை. இன்றைய நாளைக் குறிக்கும் "டுடே" அங்கு "டுடை" என்பதை நெருங்கி ஒலிக்கும் என்ற ஒரு செய்தியை மனத்திற்கொண்டு சென்றால், தொல்லையில் ஒரு பகுதி குறைந்துவிடும்.

நமக்கு இத்தொல்லை மிகுதியாக நேர்வதற்கு நாம் ஆங்கிலத்தைக் கற்ற வழியும் காரணமாகும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட இக்கட்டுரையாசிரியர் போன்றோருக்கு ஆங்கிலம் என்பது பெரும்பாலும் அச்சில் கண்ட மொழி. அவ்வெழுத்துகளோ பழங்காலத்து உச்சரிப்பைக் காட்டி நிற்பவை. இங்கிலாந்தில் காக்ஸ்டன் என்பார் அச்சகம் நிறுவியது 1476-ஆம் ஆண்டில். அப்பொழுது ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் அனைத்தும் தம் இடத்தை விட்டுப் பெயர்ந்துகொண்டிருந்தன. ஏறத்தாழ 1400-க்கும் 1700-க்கும் இடையே நிகழ்ந்த இப்பெயர்ச்சியால், ஒரு காலத்தில் ஆகாரத்தோடு ஒலித்த "நேம்" என்னும் சொல் இன்றைய ஒலியைப் பெற்றது. அச்சுக்கூடங்கள் எழுத்தை நிலைப்படுத்திவிட்டமையால், ஒலி நடந்து சென்ற பின்னரும் எழுத்து நின்ற இடத்திலேயே நின்றது. வீட்டைக் குறிக்கும் "ஹவுஸ்" என்பது அக்காலத்தில் ஊகாரத்தோடு "ஹூஸ்" என்றே ஒலித்தது. ஸ்காட்லாந்தின் பேச்சுவழக்கிலும் வட இங்கிலாந்தின் சில பகுதிகளிலும் அப்பழைய ஊகாரம் பெயராமலே தங்கிவிட்டது. கிளாஸ்கோ நகரில் ஒருவர் "டூன்" என்று கூறக் கேட்டு, அவர் "டவுன்" என்பதைச் சிதைத்துவிட்டார் என்று நாம் எண்ணினால், நாம் வரலாற்றைத் தலைகீழாகப் படிக்கிறோம் என்பதே பொருள். அவ்வாறே, பேருந்தை "புஸ்" என்று உகரத்தோடு ஒலிக்கும் வட இங்கிலாந்தினர் 17-ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்ட வழக்கைக் காத்து நிற்பவரேயன்றி எழுத்தறியாதவர் அல்லர்.

ஐந்து என்று எழுதி "அஞ்சு" என்று பேசும் நாம் இதில் வியப்படைதற்கு இடமில்லை. நூல்வழித் தமிழ் கற்ற அயல்நாட்டார் ஒருவர் மதுரைக் கடைத்தெருவில் நிற்கும்போது அடையும் திகைப்பு, கிளாஸ்கோ நிலையத்தில் நாம் அடையும் திகைப்பைவிடச் சிறிதும் குறைந்ததன்று. தமிழருக்குள்ளேயே யாழ்ப்பாணத்தாரின் பேச்சை முதன்முறை கேட்கும் தஞ்சாவூர்க்காரர் சில நிமிடங்கள் தடுமாறுவது உண்டு. நாம் "காத்து" என்பதை அவர்கள் பழைய றகர ஒலி கெடாமல் "காற்று" என்பர். ஆங்கிலத்தின் "ட்" ஒலி நாநுனி அண்பல்லைத் தொடுவதால் பிறப்பது என்பதைச் செவியால் சரியாக உணர்ந்து, பயணச்சீட்டை "ரிக்கற்" என்று எழுதியவர்களும் அவர்களே. நம் நாட்டில் அதே ஒலியை நா மடக்கி டகரமாக ஒலிக்கிறோம்.

இந்த டகரத்தால் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நேரும் இடர் பலரும் அறிந்ததே. உணவு விடுதியில் "வாட்டர்" என்று மும்முறை கேட்டும் தண்ணீர் வராத கதையை அங்குச் சென்று திரும்பியவர் பலர் கூறுவர். இரண்டு உயிரொலிகளுக்கு இடையே வரும் "ட்" ஒலியை அமெரிக்கர் நாநுனியால் ஒருமுறை தட்டிவிட்டுச் செல்கின்றனர். அந்தத் தட்டு நம் இடையின ரகரத்தை மிக ஒத்தது. வெண்ணெய் அவர்கள் வாயில் ஏறக்குறைய "பரர்" ஆகிறது. எழுத்தாளரும் குதிரையேறுபவரும் ஒரே ஒலியைப் பெறுகின்றனர். இதனால் விளையும் தீங்கு சிறிது. ஆனால் களப் பணியாளர்கள் குறிப்பாக எச்சரிக்கையோடிருக்க வேண்டிய இடம் வேறொன்று உண்டு. "செய்யலாம்" என்பதற்குரிய "கேன்", "செய்யக்கூடாது" என்பதற்குரிய "கேன்ட்" ஆகிய இரண்டையும் நாம் இறுதியிலுள்ள டகரத்தைக் கொண்டே வேறுபடுத்துகிறோம். அமெரிக்கர் பேச்சில் அந்த டகரம் பெரும்பாலும் வெளிப்படுவதே இல்லை. அவர்கள் செவி நோக்குவது உயிரொலியை: உடன்பாட்டுச் சொல் "கன்" என்று குறுகி விரைந்து செல்லும், எதிர்மறைச் சொல் "கேன்" என்று முழுமையாக, அழுத்தத்தோடு நிற்கும். ஆகவே தெளிவாக "கேன்" என்று கேட்டால் நாம் அனுமதி என்று மகிழ்கிறோம். அவர் சொன்னதோ தடை. அமிலங்களையும் உயர் மின்னழுத்தக் கருவிகளையும் கையாள்வோர் இவ்விடத்தில் ஒரு முறைக்கு இருமுறை கேட்டுத் தெளிதல் இன்றியமையாதது.

சொல்லழுத்தமும் நமக்குப் பழக்கமற்ற ஒன்று. தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று எழுத்துக்கு எழுத்து அளவு உண்டு. குற்றியலுகரம், ஐகாரக் குறுக்கம் முதலியவை குறைவதும் அவை நிற்கும் இடம் பற்றியே. ஆங்கிலத்திலோ அழுத்தம் பெற்ற அசை நீள, மற்றவை தேய்ந்து நடுவாயில் பிறக்கும் ஒரு மங்கலான ஒலியாக மாறிவிடுகின்றன. "ஃபோட்டோகிராஃப்" என்பதில் முதல் அசை ஓங்கும். அதனினின்று பிறந்த "ஃபொடாக்ரஃபி" என்பதில் இரண்டாம் அசை ஓங்க, முதலசை நலிகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் ஓங்கிய அசையைச் சொல்லின் தொடக்கமாகக் கொண்டே பேச்சுத் தொடரைச் சொற்களாகப் பிரிக்கின்றனர் என்பதை ஆன் கட்லர் என்ற அறிஞர் பல பரிசோதனைகளால் நிறுவினார். எல்லா அசைகளையும் ஒரே அளவாக ஒலிக்கும் நம் பேச்சு அவர்களுக்கு விளங்காமற்போவதும், தேய்ந்த அசைகள் நம் காதில் விழாமற்போவதும் ஒரே காரணத்தின் இரு பக்கங்களாம். இந்திய ஆங்கிலம் பிறர் செவிக்கு எவ்வளவு விளங்குகிறது என்பதை ஆராய்ந்து ஆர். கே. பன்சால் எழுதிய நூலை ஹைதராபாத்திலுள்ள ஆங்கில நிறுவனம் 1969-இல் வெளியிட்டது. மெய்யொலிகளைக் காட்டிலும் அழுத்தம் பிறழ்வதால் நேரும் இடர்ப்பாட்டை ஆசிரியர்கள் அந்நூலில் விரிவாகக் காணலாம்.

இனி, தாய்மொழியாளருக்கு இத்தொல்லை இல்லையோ எனின், உண்டு. லண்டன் பகுதியினரும் கிளாஸ்கோ நகரினரும் தத்தம் உச்சரிப்பையும் மற்றவர் உச்சரிப்பையும் எவ்வளவு விரைவாகப் புரிந்துகொள்கின்றனர் என்பதை 2009-இல் வெளியான ஆராய்ச்சியொன்றில் பாட்டி அடங்கும் அவருடைய துணைவர்களும் அளந்தனர். இரைச்சலைக் கலந்து வாக்கியங்களைக் கேட்பித்தபோது, தென்னிங்கிலாந்தினர் கிளாஸ்கோப் பேச்சில் பின்தங்கினர். கிளாஸ்கோவினரோ இரண்டையும் ஒரேயளவு விரைவாக உணர்ந்தனர். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தென்னிங்கிலாந்து உச்சரிப்பை நாள்தோறும் கேட்டுவந்தமையே அதற்குக் காரணம். எனவே இது அறிவுக் குறைவும் அன்று, செவிக் குறைவும் அன்று, பழக்கக் குறைவே. நம் பள்ளிகளுக்கு முன்மாதிரியாக அமைந்த உச்சரிப்பு, டானியல் ஜோன்ஸ் 1917-இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதி வழியே பரவிய தென்னிங்கிலாந்து உயர்குடி வழக்கு. பிரிட்டனிலேயே அவ்வழக்கில் பேசுவோர் என்றும் சிறுபான்மையினர்தாம். அகராதியில் உள்ளதே ஆங்கிலம், மற்றவை திரிபு என்ற எண்ணத்தோடு கப்பலோ விமானமோ ஏறியவர் ஏமாற்றமடைந்தது இயல்பே.

பழக்கம் எவ்வளவு விரைவில் கைகூடும் என்பதைப் பற்றிய ஆராய்ச்சிகள் நமக்கு ஊக்கம் அளிப்பவை. 1957-இல் லாடிஃபோகட், பிராட்பென்ட் என்னும் இருவர், இயந்திரத்தால் ஆக்கப்பெற்ற பேச்சைக் கொண்டு ஒரு பரிசோதனை செய்தனர். இறுதியில் வரும் சொல்லைச் சிறிதும் மாற்றாமல், அதற்கு முன்வரும் அறிமுக வாக்கியத்தின் உயிரொலிகளை மட்டும் சற்று உயர்த்தியும் தாழ்த்தியும் கேட்பித்தனர். அறிமுக வாக்கியம் மாறியதும், அதே இறுதிச் சொல்லைச் சிலர் "பிட்" என்றும் வேறு நிலையில் "பெட்" என்றும் கேட்டனர்! அதாவது, பேசுபவரின் முதல் சில சொற்களைக் கொண்டே நம் செவி அவருக்கென ஓர் அளவுகோலை அமைத்துக்கொள்கிறது. பண்ணைக்குள் நுழைந்தவுடனே மருந்தளவைக் கேட்பதினும், மழையைப் பற்றியோ வழியைப் பற்றியோ நான்கு வார்த்தை பேசவிட்டுப் பின்னர்க் கேட்பது பயனுடையது என்பது இதனின்று பெறப்படும்.

2004-இல் கிளார்க், காரெட் என்போர் நடத்திய பரிசோதனையில், அயல்மொழிச் சாயல் படிந்த ஆங்கிலத்தைக் கேட்ட அமெரிக்கர்கள் முதலில் தாமதித்தாலும், ஒரு நிமிடத்துக்குள் அத்தாமதம் பெரிதும் குறைந்தது. அவர்கள் தாய்மொழியாளர், நமக்குக் கூடுதல் காலம் வேண்டும். ஆனால் நெறி ஒன்றே. நாரிஸ், மக்வீன், கட்லர் ஆகியோர் 2003-இல் காட்டியபடி, ஐயத்துக்கு இடமான ஓர் ஒலியை நாம் திருத்திக்கொள்வது தெரிந்த சொற்களின் துணைகொண்டுதான். சொல் இன்னதென்று தெரிந்தால், "இவர் இவ்வொலியை இப்படித்தான் உச்சரிக்கிறார்" என்று மூளை கற்றுக்கொள்கிறது. சொல்லே தெரியாவிடில் கற்றல் நிகழ்வதில்லை.

ஆசிரியர்கள் கருத்திற்கொள்ள வேண்டிய ஆராய்ச்சி இதனை அடியொற்றியதே. நெதர்லாந்தைச் சேர்ந்த மிட்டரர், மக்வீன் ஆகியோர் 2009-இல் வெளியிட்டது அது. ஆங்கிலம் நன்கறிந்த டச்சு மாணவர்களுக்கு ஆஸ்திரேலியத் தொலைக்காட்சித் தொடரொன்றையும் ஸ்காட்லாந்துப் பேச்சு நிறைந்த திரைப்படமொன்றையும் காட்டினர். சிலருக்குத் திரையின் அடியில் ஆங்கில எழுத்துகள் தோன்றின. சிலருக்கு டச்சு மொழிபெயர்ப்புத் தோன்றியது. சிலருக்கு எழுத்தே இல்லை. பின்னர் அதே பேச்சாளரின் புதிய வாக்கியங்களைக் கேட்பித்துத் திருப்பிச் சொல்லச் செய்தனர். ஆங்கில எழுத்தோடு பார்த்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டனர். தாய்மொழி எழுத்தோடு பார்த்தவர்களோ, எழுத்தே இல்லாமல் பார்த்தவர்களைவிடவும் பின்தங்கினர். மொழிபெயர்ப்பு பொருளைத் தந்துவிடுகிறது. ஆனால் ஒலிக்கும் சொல்லுக்கும் இடையே உள்ள தொடர்பைக் கண்டுகொள்ளும் உழைப்பைச் செவியிடமிருந்து பறித்துவிடுகிறது. மொழிபெயர்ப்பாளன் ஒருவன் இதனை எழுத நேர்வது சற்று வேதனைக்கு உரியதே. ஆயினும் உண்மை அதுதான். வகுப்பில் ஒலிப்பதிவைக் கேட்பிக்கும் ஆசிரியர், அதே சொற்கள் அச்சிட்ட தாளை மாணவர் கையில் கொடுத்துக் கேட்பிப்பது நலம். பயணம் செல்லவிருப்போரும் செல்லுமிடத்து வானொலியையும் திரைப்படங்களையும் ஆங்கில எழுத்தோடு சில வாரங்கள் கேட்டுவரலாம்.

ஒரே குரலைக் கேட்பது போதாது என்பதும் அறியப்பட்டுள்ளது. பிராட்லோ, பெண்ட் ஆகியோரின் 2008-ஆம் ஆண்டு ஆராய்ச்சியில், சீனர் ஒருவர் பேசும் ஆங்கிலத்தை மட்டும் கேட்டவர் அந்த ஒருவரையே நன்கு புரிந்துகொண்டனர். சீனர் பலரைக் கேட்டவரோ, முன்பு கேட்டிராத புதிய சீனரையும் எளிதில் புரிந்துகொண்டனர். ஆகவே பள்ளிக்கு ஒரு நல்ல ஒலிப்பதிவைத் தேடுவதைவிட, நடுத்தரமான பத்துக் குரல்களைத் தேடுவது மேல். ஜே. சி. வெல்ஸ் என்பார் 1982-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட ஆங்கில உச்சரிப்புகள் பற்றிய நூலில், உயிரொலிக்கு ஒன்றாக "கிட்", "டிரெஸ்", "டிராப்" என்று 24 அடையாளச் சொற்களை அமைத்துள்ளார். தங்குமிடத்தில் அன்போடு பழகுவோர் ஒருவரிடம் முதல் நாள் மாலையே இப்பட்டியலை வாசித்துக் காட்டுமாறு வேண்டினால், ஐந்து நிமிடத்தில் அவ்வூரின் உயிரொலி வரைபடம் கையில் கிடைத்துவிடும். கேட்கப்பட்டவரும் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு உதவுவார். தம் பேச்சைப் பிறர் ஆராய விரும்புவது யாருக்கும் சற்றுப் பெருமைதான்.

உச்சரிப்பு உயிர்ப் பிரச்சினையாகும் துறை விமானப் போக்குவரத்து. பல நாட்டு விமானிகளும் கட்டுப்பாட்டு நிலையத்தாரும் இரைச்சல் மிகுந்த வானொலி வழியே ஆங்கிலத்தில் பேசவேண்டியிருத்தலால், சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் எண்களின் உச்சரிப்பையே மாற்றி அமைத்தது. மூன்று என்பதற்குரிய சொல்லைப் பல நாட்டார் ஒலிக்க இயலாமையால், அதனை "ட்ரீ" என்றே கூறுமாறு விதித்தது. நான்கு "ஃபோவர்" ஆயிற்று. ஐந்தும் ஒன்பதும் ஒரே உயிரொலியைக் கொண்டு மயங்குவதால் ஒன்று "ஃபைஃப்" எனவும் மற்றது "நைனர்" எனவும் பிரிக்கப்பட்டன. இங்கிலாந்து ஆங்கிலத்துக்குச் செவி பழக வேண்டும் என்று உலகைக் கட்டாயப்படுத்தாமல், உலகின் செவிக்கு ஏற்ப ஆங்கிலத்தையே வளைத்தனர் என்பது கவனிக்கத்தக்கது.

1996-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் ஹரியானா மாநிலத்தின் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவூதி அரேபிய விமானமும் கஸாக்ஸ்தான் விமானமும் வானில் மோதி, அவற்றிலிருந்த 349 பேரும் உயிரிழந்தனர். கஸாக் விமானம் தனக்கு விதிக்கப்பட்ட 15,000 அடி உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. அவ்விமானிகளின் ஆங்கில அறிவு குறைவாயிருந்ததும், அவர்கள் வானொலி இயக்குபவர் ஒருவரையே நம்பியிருந்ததும் விசாரணையில் வெளிப்பட்டன. அதன் பின்னர் இந்நிறுவனம் 1998-இல் இப்பொருளை எடுத்துக்கொண்டு, 2003-இல் மொழித் தகுதி விதிகளை வகுத்து, 2008-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆறு படிகளுள் நான்காவதே பணிபுரியத் தேவையான படி. அப்படியில் உள்ளவரின் உச்சரிப்பில் தாய்மொழிச் சாயல் இருக்கலாம் என்று விதியே ஒப்புக்கொள்கிறது; அது பிறர் புரிந்துகொள்வதைச் சிற்சில வேளைகளில் மட்டுமே தடுப்பதாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

விமானிகளிடமிருந்து களப் பணியாளர் கைக்கொள்ளத்தக்க முறை, கேட்டதைத் திருப்பிச் சொல்லுதல். "மீண்டும் கூறுங்கள்" என்று வேண்டினால், பேசுபவர் அதே சொற்களை உரத்த குரலில் அதே உச்சரிப்பில் கூறுவார்; பயன் இல்லை. தாம் புரிந்துகொண்டதைத் தம் சொற்களில் கூறி, சரியா என்று கேட்பவர் பிழையை உடனே கண்டுகொள்கிறார். பதினைந்தா ஐம்பதா என்ற ஐயம் ஆங்கிலத்தில் இயல்பானது. அங்கு "ஒன்று, ஐந்து" என்று இலக்கம் இலக்கமாகக் கேட்க வேண்டும். செல்லவேண்டிய விஷயத்தைப் பற்றி முன்னரே படித்துச் செல்வதும் செவிக்குத் துணை. வாக்கியத்தில் அமைந்த சொற்கள் தனிச் சொற்களைவிட இரைச்சலில் எளிதில் புலப்படும் என்பதை மில்லரும் துணைவரும் 1951-இலேயே காட்டினர். ஒரு சொல்லின் நடுவில் ஓர் ஒலியை நீக்கி இருமல் ஓசையை வைத்தாலும், கேட்பவர் அவ்வொலி இருந்ததாகவே உணர்கின்றனர் என்று 1970-இல் வாரன் கண்டறிந்தார். எதிர்பார்ப்பு உள்ள இடத்தில் மூளை இடைவெளியை நிரப்பிக்கொள்கிறது.

ஊர்ப்பெயர்களில் எழுத்தை நம்புதல் ஆகாது. எடின்பரோ என்று நாம் எழுதுவதை அவ்வூரார் "எடின்பரா" என்பர். பிரிஸ்பேன் என்று படிப்பதை "பிரிஸ்பன்" என்பர். கிளாஸ்கோவுக்கு அருகில், எழுத்தின்படி "மில்ன்கவீ" என்று படிக்கவேண்டிய ஊர் ஒன்றுண்டு. நிலையத்தில் அதனை "மல்கை" என்று அறிவிக்கக் கேட்டு, இறங்கவேண்டிய பயணி இருக்கையிலேயே அமர்ந்திருப்பார்.

தொலைபேசியில் பேசுவது நேரிற் பேசுவதினும் கடினம். வாயசைவைக் காண இயலாமை ஒரு காரணம். மற்றொன்று கருவியைச் சார்ந்தது. பழைய முறைத் தொலைபேசி இணைப்புகள் வினாடிக்கு ஏறத்தாழ 300 முதல் 3,400 வரையுள்ள அதிர்வுகளையே கடத்தும். "ஸ்", "ஃப்" போன்ற உரசொலிகளின் வலிமையில் பெரும்பகுதி இதற்கு மேற்பட்டது. ஆகையால் பழகிய உச்சரிப்பிலேயே அவ்விரண்டும் மயங்கும். பழகாத உச்சரிப்பில் கூறவேண்டுவதில்லை. நாள், நேரம், தொகை, மருந்தளவு ஆகியவற்றைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டபோதிலும், அவற்றை எழுத்தில் அனுப்புமாறு அதே உரையாடலில் வேண்டிக்கொள்ளுதல் வேண்டும். அயல்நாட்டு அலுவலகங்களில் அது வழக்கமான வேண்டுகோளே. எவரும் அதனைக் குறைவாகக் கருதுவதில்லை.